டூப்ளிசிட்டியா, போர்க்கா, ரெஸ்டிக்கா?

கேள்வி: என்னிடம் ஒரு விண்டோஸ் மடிக்கணினியும் ஒரு லினக்ஸ் கணினியும் உள்ளன. ஆவணங்கள், படங்கள் எல்லாம் சேர்த்து 400 ஜிபி. எஸ்3 வகைச் சேமிப்பகம் (இணையம் வழியே கோப்புகளை வைக்கும் இடம்) ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். குறியாக்கம் செய்து, அன்றாடம் மாறியதை மட்டும் அங்கே அனுப்ப எந்த மென்பொருள் ஏற்றது?

பதில்: போர்க் அருமையான பேக்கப் கருவி. ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழையக்கூடிய, மறுமுனையிலும் போர்க் ஓடுகிற சர்வரில்தான் அது முழு வேகம் காட்டும். எஸ்3 சேமிப்பகத்தில் அப்படி எதையும் ஓட்ட முடியாது. விண்டோஸுக்கு முறையான ஆதரவும் இல்லை. உங்களுக்கு ஒத்துவராது.

டூப்ளிசிட்டி 2002 முதல் இருக்கிறது. முதலில் ஒரு முழு நகல்; பிறகு ஒவ்வொரு முறையும், முந்தையதிலிருந்து மாறியது மட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைய நிலையை மீட்க அந்தச் சங்கிலி முழுவதும் வேண்டும். நடுவில் ஒரு கண்ணி பழுதானால் அதற்குப் பின்னால் வருவதை நம்ப முடியாது. அதனால் அவ்வப்போது புதிதாக முழு நகல் எடுத்தாக வேண்டும். 20 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் 400 ஜிபி ஏற ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். மாதாமாதம் இதைச் செய்யப் பொறுமை இருக்கிறதா?

ரெஸ்டிக்கில் சங்கிலியே இல்லை. கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒருமுறை, ஏஇஎஸ்-256 குறியாக்கத்துடன் சேமிக்கிறது. ஒவ்வொரு நாளின் பதிவும் தனித்து நிற்பதால் பழையதில் எதை நீக்கினாலும் மற்றவை கெடுவதில்லை. இரண்டு கணினிகளின் கோப்புகளையும் ஒரே களஞ்சியத்துக்கு (ரெஸ்டிக் பேக்கப்பை வைக்கும் இடம்) அனுப்பினால், இரண்டிலும் உள்ள படம் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். என் பரிந்துரை இதுதான். ரெஸ்டிக்கைக் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும்; அது பிடிக்காது என்றால் கோப்பியா என்ற மென்பொருளைப் பாருங்கள். வேலை செய்யும் முறை ஏறக்குறைய அதேதான், சாளர இடைமுகமும் உண்டு.

ரெஸ்டிக்கில் ‘ஃபர்கெட்’ கட்டளை பழைய பதிவைப் பட்டியலிலிருந்து மட்டுமே எடுக்கும். ‘ப்ரூன்’ ஓடினால்தான் இடம் காலியாகும். இது தெரியாமல் வாடகை ஏறுகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு.

கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது. மீட்டுத்தர யாராலும் முடியாது. அதைக் கணினிக்கு வெளியே, தாளிலாவது எழுதி வையுங்கள். இன்னோர் ஆபத்து: மடிக்கணினியில் புகுந்த தீநிரல், அதிலுள்ள சேமிப்பகச் சாவியைக் கொண்டே பேக்கப்பையும் அழித்துவிடலாம். அழித்தவற்றைக் குறிப்பிட்ட நாட்கள் வரை விட்டுவைக்கும் வசதி சேமிப்பகத்தில் இருந்தால் அதை இயக்குங்கள். அந்த அமைப்பை மாற்றும் உரிமை மடிக்கணினியிலுள்ள சாவிக்கு இருக்கக் கூடாது.

ரெஸ்டிக்கின் ‘செக்’ கட்டளை வழக்கமாகக் களஞ்சியத்தின் கட்டமைப்பை மட்டுமே சரிபார்க்கும். தரவிலும் ஒரு பகுதியைப் படித்துப் பார்க்கச் சொல்லும் விருப்பத்தேர்வை மாதம் ஒருமுறை பயன்படுத்துங்கள். பதிவிறக்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பேக்கப் முடிந்ததும், மடிக்கணினியின் ஒரு கோப்புறையை லினக்ஸ் கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள்.