பனித்தட்டு அடியிலிருந்து உருகுவதில் நீரோட்டத்துக்கு என்ன வேலை?

அன்டார்க்டிகாவில் அவ்வளவு குளிர் இருந்தும் மிதக்கும் பனித்தட்டுகள் (நிலத்துப் பனி கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதிகள்) அடிப்பக்கம் எப்படி உருகுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடல்நீர் உறைவது சுமார் −1.9 டிகிரி செல்சியஸில். மேற்கு அன்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலிலோ, ஆழத்தில் +1 டிகிரியை ஒட்டிய நீர் இருக்கிறது. உப்பு அதிகம், அதனால் கனம். கடலடிப் பள்ளங்கள் வழியே பனிக்கு அடியில் நுழைந்துவிடும். நமக்கு விறைக்கும் அந்த நீர் பனிக்கு வெந்நீர்.

ஆனால் வந்து நின்றால் மட்டும் போதாது. நன்னாரி சர்பத்தில் ஐஸ் கட்டியைப் போட்டு ஆடாமல் வைத்துப் பாருங்கள். மேலே வெளுத்த நீர் ஏடு மாதிரி தேங்கும், உருகுவது மந்தமாகும். ஸ்பூனை விட்டுக் கலக்கினால் சட்டென்று கரையும். பனிக்கு அடியிலும் உருகிய நன்னீர் லேசாக இருப்பதால் போர்வையாக ஒட்டிக்கொள்கிறது. அதைக் கலைக்கும் ஸ்பூன், நீரோட்டமும் ஓதமும்.

2020இல் அதே மேற்கு அன்டார்க்டிகாவில், துவைட்ஸ் பனியாற்றின் கடலில் மிதக்கும் பகுதியில் சுமார் 600 மீட்டர் துளை போட்டு ஐஸ்ஃபின் என்ற ரோபோவை இறக்கினார்கள். நீர் உறைநிலையைவிட ஏறக்குறைய 1.5 டிகிரி கூடுதல். இருந்தும் தட்டையான அடிப்பரப்பு எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே உருகியது. ஓட்டம் மந்தம், போர்வை கலையவில்லை. விரிசல்களின் செங்குத்துச் சுவர்களிலும் படிக்கட்டு மாதிரியான இடங்களிலும்தான் வேகம் அதிகம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இன்னொரு வேடிக்கை: உருகிய நீர் பனியின் அடிப்பக்கச் சரிவில் மேலேறும்போது அழுத்தம் குறைந்து உறைநிலை உயர்கிறது. ஃபில்க்னர்-ரோன் பனித்தட்டின் அடியில் அப்படி ஏறும் நீர் சில இடங்களில் மறுபடி பனியாகி ஒட்டிக்கொள்கிறது.