பாலிஹவுஸ்ல சுகினி, பூக்குது ஆனா காய்க்கல

கேள்வி: ஓசூர் பக்கம் பாலிஹவுஸ்ல (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பசுமைக்குடில்) குடைமிளகாய் எடுத்துட்டு சுகினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிற பூசணி வகை) போட்டேன் சார், செடி நல்லா தளதளன்னு வருது, ஆனா பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகி அழுகிடுது. ரகம் சரியில்லையா?

பதில்: ரகத்தை திட்டாதீங்க, உள்ள தேனீ வரல, மகரந்தம் சேராம பிஞ்சு அழுகுது, அதான் விஷயம். சுகினில ஆண் பூ, பெண் பூ தனித்தனி, பெண் பூவுக்கு அடியில குட்டிக் காய் இருக்கும். பூ ஒரே நாள்தான் விரியும், அதனால காலையிலேயே ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டு பெண் பூ நடுவுல தடவி விடுங்க. கூலி கட்டாதுன்னா அடுத்த தடவை மகரந்தம் இல்லாமலே காய்க்கிற பார்த்தெனான் மாதிரி ரகம் போடுங்க, விதை விலை கொஞ்சம் அதிகம்தான். ஆஸ்திரேலியன் கிரீன், பூசா அலங்கார் ரகமெல்லாம் தேனீ வர்ற வெளி வயலுக்குத்தான் லாயக்கு. ஆனா வெளியில அசுவினிப் பூச்சி வந்து இலையில திட்டுத் திட்டா மஞ்சளாக்குற மொசைக் வைரஸைப் பரப்பிடும், உள்ள சாம்பல் நோய் தொல்லை, நெருக்கி நட்டுட்டு பக்கவாட்டு திரையையும் மூடி வெச்சீங்கன்னா இலையெல்லாம் வெள்ளையாயிடும். காயை ஒரு சாண் நீளத்துலயே பறிச்சுடுங்க, முத்தவிட்டா மார்க்கெட்ல சீண்ட மாட்டாங்க.