அம்மாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: சென்ற வாரம் எங்கள் வீட்டில் மகள், மகன், மனைவி, நான் என்று ஒருவர் பின் ஒருவராக வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தோம். மகளை மருத்துவமனையில் சேர்த்தபோது நோரோ வைரஸ் என்றார்கள். உடன் இருக்கும் 71 வயது அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. வாந்தியைத் துடைத்து, துணி அலசி, கஞ்சி வைத்தது அவர்தான். பசியில்லை என்று இரண்டு நாள் மோர் மட்டும் குடித்தார். சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கிருமி ஒட்டாது என்று படித்தேன். “உங்கள் வம்சத்துக்கே வயிறு பலவீனம்” என்கிறாள் மனைவி. எல்லோரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: நால்வரின் வாந்தியைத் துடைத்த 71 வயதுப் பெண்மணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டு, அவருக்கு நோய் வரவில்லை என்று எந்த ஆதாரத்தில் முடிவு கட்டினீர்கள்? குமட்டியதா, வயிறு எத்தனை முறை போனது, எழுந்தால் தலை சுற்றியதா என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் சொன்ன பதிலும் கடிதத்தில் இருந்திருக்கும். காய்ச்சல், சர்க்கரை, மார்புவலி என்று நோயின் பெயர் மட்டும் மாறி இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்துவிட்டது. படுத்தால் வீடு நின்றுபோகும் என்பதால் படுக்காமல் இருக்கும் தாயை, நோயே அண்டாதவர் என்று பிள்ளைகள் பெருமையாக எழுதுகிறார்கள்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. 1968-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள நார்வாக் என்ற ஊரின் பள்ளியொன்றில் பரவிய வாந்தி நோய்தான் இந்த வைரஸுக்குப் பெயர் தந்தது. அந்தக் கிருமியைப் பிற்பாடு தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அளவைக் கூட்டியும் சிலரைத் தொற்றவேயில்லை. அதற்கான விளக்கம் 2003-இல் கிடைத்தது. எஃப்.யு.டி.2 என்ற மரபணு வேலை செய்பவர்களின் எச்சிலிலும் குடலின் உட்சுவரிலும் இரத்த வகையைச் சார்ந்த சர்க்கரைகள் இருக்கின்றன. வைரஸ் அவற்றைப் பற்றிக்கொண்டே நுழைகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளுமே பழுதானவர்களிடம் அந்தப் பிடிமானம் இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இத்தகையவர். ஆகவே உங்கள் தாயார் அந்த வகையினராகவே இருந்தாலும், அவரிடமிருந்து உங்களுக்கு வருவது ஒரு பழுதான பிரதிதான். தந்தையிடமிருந்து நல்ல பிரதி ஒன்று வந்திருந்தால் வைரஸுக்குக் கதவு திறந்தே இருக்கும். உங்கள் மனைவி பேசும் வம்ச பலத்துக்கும் பலவீனத்துக்கும் இதில் வேலையே இல்லை.

அந்தப் பாதுகாப்பும் எல்லா நோரோ வைரஸ்களுக்கும் செல்லாது. பழுதான மரபணு உள்ளவர்களையும் தொற்றும் வகைகள் உண்டு. நோரோ வைரஸ்களை மரபணு ஒற்றுமையின்படி தொகுதிகளாகவும், தொகுதிக்குள் வகைகளாகவும் பிரிக்கிறார்கள். உலகில் மிகுதியாகப் பரவிவந்தது இரண்டாம் தொகுதியின் நான்காம் வகை. அது 2002, 2006, 2009, 2012 எனச் சில ஆண்டுகளுக்கொரு முறை தன் மேலுறையின் வடிவத்தை மாற்றிக்கொண்டு, முந்தைய தொற்றில் மக்கள் பெற்ற எதிர்ப்பாற்றலுக்குப் பிடிபடாமல் மீண்டும் பரவியது. 2012-இல் வந்த வடிவத்துக்குச் சிட்னி என்றே பெயர். 2014-15 குளிர்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் அதே தொகுதியின் பதினேழாம் வகை திடீரென்று தலையெடுத்தது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் கிருமிக்கு எதிராக மரபணுச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பரிசோதனை வேண்டாம்.

ஒருவர் பின் ஒருவராக விழுந்தோம் என்கிறீர்கள். அப்படியானால் மகள் வாந்தியெடுத்த அன்று நீங்கள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தீர்கள். பெற்ற குழந்தையின் வாந்தியைத் துடைப்பது தகப்பனின் வேலை. வயதான தாயிடம் விடும் வேலை அல்ல. இந்த நோயில் முதியவர்களின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் உடலின் நீர் வற்றுவதுதான். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அவருக்குத் தேவைப்பட்டது ஓ.ஆர்.எஸ். கரைசல், மோர் அதற்கு ஈடாகாது.

நோய் நின்ற பிறகும் இரண்டு வாரங்கள், சிலரிடம் அதற்கு மேலும், மலத்தில் கிருமி வெளியேறும். தொற்றுவதற்கு மிகச் சில துகள்களே போதும். சானிடைசரை நம்பாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய்வாய்ப்பட்டவர் யாராக இருந்தாலும், எல்லாம் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையலறைக்குள் நுழையக்கூடாது. வாந்தி விழுந்த இடத்தைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காகிதத்தால் ஒற்றியெடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஐந்து நிமிடமாவது விட்டுத் துடைக்க வேண்டும். இனி இதைச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

இன்றே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போய் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். “எனக்கு ஒன்றுமில்லைப்பா” என்பார். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். மனைவியையும் உடன் அனுப்புங்கள். வயிறு எத்தனை முறை போனது என்பதை மகனிடம் சொல்லக் கூசுபவர் மருமகளிடம் சொல்லக்கூடும்.