கட்டியை எடுத்ததும் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: இன்சுலினோமா (இன்சுலினைச் சுரக்கும் கணையக் கட்டி) உள்ள எலிக்குச் சர்க்கரை குறையும் என்பது புரிகிறது. கட்டியை அகற்றியதும் சர்க்கரை எகிறுவது ஏன்?
- முதுகலை விலங்கியல் மாணவி, திருச்சி

பதில்: எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் சொந்த பீட்டா செல்கள் தூங்கிப்போயிருப்பதால்தான். ரத்தத்தில் குளூக்கோஸ் இறங்கினால் நல்ல பீட்டா செல் சுரப்பை நிறுத்திவிடும். கட்டிச் செல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது; சர்க்கரை டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் சுரந்துகொண்டேயிருக்கும். வேலையற்றுப்போன நல்ல செல்கள் தயாரிப்பைக் குறைத்துச் சுருங்கிவிடும்.

இதைத் தெளிவாகக் காண உதவுவது 1977-ல் அமெரிக்காவில் வில்லியம் சிக் குழுவினர் விவரித்த கட்டி. எக்ஸ் கதிர் பட்ட எலியில் உண்டான அது, அதே இன எலிகளின் தோலுக்கடியில் ஒட்டினாலும் வளரும். கணையத்தில் கத்தி படாமலே எடுத்துவிடலாம் என்பதால், பிறகு ஏறும் சர்க்கரைக்கு அறுவைக் காயத்தின் மேல் பழி போட முடியாது. சில நாட்களில் பீட்டா செல்கள் விழித்துக்கொள்ள, அளவு இறங்கிவிடும்.

கட்டி இருக்கும்வரை குளூக்ககான், அட்ரினலின், கார்ட்டிகோஸ்டீரோன் என்ற மூன்று ஹார்மோன்களும் சர்க்கரையை ஏற்றப் போராடும். ஆனால் கல்லீரல் குளூக்கோஸை வெளியே விடாமல் இன்சுலின் பிடித்து வைத்திருக்கும். தாழ்சர்க்கரை அடிக்கடி வந்தால் அட்ரினலினும் அசட்டையாகிவிடும். எலி சாதுவாக இருக்கிறதே என்று விட்டால் திடீரென வலிப்பு வரும்.

கேள்வி: இன்சுலினோமா வளரும்படி மரபணு மாற்றிய ரிப்-டேக் சுண்டெலிகளை இரவு முழுக்கப் பட்டினி போட்டு ரத்தம் எடுக்கலாமா?
- ஆய்வக உதவியாளர், வேலூர்

பதில்: கட்டி முற்றிய வயதில் கூடாது, காலையில் பல சுண்டெலிகள் உயிரோடிருக்காது. இன்சுலின் மரபணுவின் முன்பகுதியோடு எஸ்வி40 வைரஸின், கட்டியைத் தூண்டும் டி ஆன்டிஜென் மரபணுவை இணைத்து 1985-ல் உருவான இந்த வகையில், 12 வாரத்தில் கட்டி தெளிவாகத் தெரியும். 14 வாரத்தைத் தாண்டுவது அரிது. அதனால்தான் பிந்தைய வாரங்களில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். எப்போது வைத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்று குறிக்காவிட்டால் குளூக்கோஸ் எண்ணுக்குப் பொருளே இல்லை.

பகலில் 4 மணி நேரப் பட்டினி போதும், இடையிடையே வாலில் ஒரு சொட்டு பார்த்தபடி. குளூக்கோஸும் இன்சுலினும் ஒரே மாதிரியிலிருந்து அளக்க வேண்டும்: சர்க்கரை 40 இருக்கும்போது இன்சுலின் 'சராசரி' என்று வந்தால் அதுவே கோளாறு. ரத்தச் சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்தால், அதிலுள்ள நொதி இன்சுலினைத் தின்றுவிடும். அந்த மாதிரியை ஒதுக்குங்கள். சி-பெப்டைடை (இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் புரதத் துண்டு) அளக்கும் மனிதருக்கான கிட் சுண்டெலிக்கு உதவாது.