சுங்கை சிப்புட் வெயிலில் எஸெக்ஸ் பீர்

கேள்வி: எட்டு வருடம் இங்கிலாந்தில், எஸெக்ஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டு மலேசியாவுக்கு, சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். அங்கே கிரௌச் வேல் என்ற மதுபான ஆலையின் 'பிரூவர்ஸ் கோல்ட்' பீர் என்றால் எனக்கு உயிர். வீட்டு கராஜில் அதே மாதிரி நானே காய்ச்சியிருக்கிறேன், நன்றாக வந்தது. அந்தச் செய்முறை இங்கே சரிவருமா? பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூவான ஹாப்ஸைக் கூட்ட வேண்டுமா? அம்மா வேறு, "வீட்டிலேயே சம்சு காய்ச்சப் போறியா?" என்று, மலிவுச் சாராயத்தை நினைத்துப் பயப்படுகிறார்.

பதில்: முதலில் சட்டம். பிரிட்டனில் சொந்தக் குடிப்புக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. இங்கே அப்படியில்லை. மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் வருகிறது, உரிமம் கேட்கும் வேலை அது. சுங்கத் துறையிடம் கேட்டுத் தெளிவாகாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

அம்மாவின் பயமும் நியாயமானது. சம்சுவால் சீரழிந்த தோட்டத்துக் குடும்பங்களை அவர் கண்ணால் பார்த்திருப்பார். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: சம்சு வடித்து எடுப்பது, இதில் வடிப்பதே கிடையாது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, அதன் சாறு ஈஸ்ட்டால் புளித்து 4 சதவீத ஆல்கஹாலில் நின்றுவிடும். தானியம் புளிக்கும்போது மெத்தனால் ஆபத்தான அளவில் உருவாவதுமில்லை.

சரி, பீருக்கு வருவோம். 2005, 2006 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டம் வாங்கியது இது. ஆனால் ஒளித்துவைக்க இதில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. வெளிர் மால்ட், பிரூவர்ஸ் கோல்ட் என்ற அதே பெயருள்ள ஹாப்ஸ், அவ்வளவுதான். அந்த ஹாப்ஸ் ரகம் கென்ட்டில் உள்ள வை கல்லூரியில், கனடாவின் மனிடோபா காட்டு ஹாப்ஸ் கொடியின் வித்திலிருந்து உருவானது. பிளாக்கரன்ட் பழ வாசமும் எலுமிச்சைத் தோல் வாசமும் அதிலிருந்துதான் வருகின்றன. இத்தனை எளிய பீரில் குறையை மறைக்க இடமே இருக்காது. அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஹாப்ஸின் அளவைப் பற்றி அல்ல, வெயிலைப் பற்றி.

தோசை மாவை நினைத்துப் பாருங்கள். எஸெக்ஸில் குளிர்காலத்தில் இரண்டு நாள் வைத்தாலும் மாவு பொங்காது. சுங்கை சிப்புட்டில் ராத்திரி அரைத்துவைத்தால் விடியும்போது சட்டியைத் தாண்டி வழியும். ஈஸ்ட்டும் அதே குணம்தான். லண்டனில் ஒரு கோடையில் வெப்ப அலை அடித்த வாரம், வீட்டுக்குள் 29 டிகிரி இருந்தபோது நான் ஒரு வாளி புளிக்கவைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தேன். முதலில் பழுத்த வாழைப்பழ வாசம், அப்புறம் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. ஹாப்ஸ் போட்டதற்கான சுவடே இல்லை. நல்ல மால்ட், நல்ல ஹாப்ஸ், எல்லாம் வீண். சூட்டில் அவசரமாகப் பெருகும் ஈஸ்ட், பழவாசம் தரும் எஸ்டர் என்ற பொருள்களையும் கனமான ஆல்கஹால்களையும் அள்ளி விட்டுவிடும். அதில் பெரும்பகுதி முதல் மூன்று நாளில் நடந்து முடிந்துவிடும். போதாததற்கு, புளிக்கும் சாறு தானாகவே அறையைவிட மூன்று நான்கு டிகிரி சூடேறும்.

ஆகவே அந்த 72 மணி நேரம் சாறு 18, 19 டிகிரியில் இருந்தாக வேண்டும். பழைய பிரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் இருந்தால் நிம்மதி. கருவியின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாதீர்கள், வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே துணி மடித்துக் கட்டுங்கள். பிரிட்ஜ் இல்லையென்றால், மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் பெரிய ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி வாளியை இறக்குங்கள். உறையவைத்த 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் இரண்டிரண்டாக மாற்றுங்கள், போதாவிட்டால் மூன்று. நான்காம் நாளிலிருந்து 21 வரை ஏறட்டும், பரவாயில்லை.

கொதித்த சாற்றை ஆற்றுவதும் இங்கே சிரமம். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக, 30 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். கடைசிக் கட்டத்துக்குப் பானையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். சாற்றுக்குள் ஐஸ் கட்டி போடவே கூடாது.

20 லிட்டருக்கு என் கணக்கு: வெளிர் மால்ட் 3.7 கிலோ, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு ஒரு மணி நேரம் கொதி. கொதி தொடங்கியதும் ஹாப்ஸ் 25 கிராம், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன் 20 கிராம், அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு வந்ததும் 40 கிராம் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். வாசம் முழுக்க அந்தக் கடைசி 40 கிராமில்தான் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்திமானியில் தொடக்க அடர்த்தி 1.040, முடிவில் 1.010க்குப் பக்கம். எஸ்-04 என்ற ஆங்கிலேய வகை பீர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் போதும். வோஸ் என்ற நார்வே ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆரஞ்சு வாசம் சேர்த்துவிடும். பீர் நன்றாகவே இருக்கும், ஆனால் நீங்கள் தேடும் பீராக இருக்காது.

ஹாப்ஸ் வாங்கும்போது அறுவடை ஆண்டைப் பாருங்கள், வந்த உடனே பிரீஸருக்குள் வையுங்கள். பிரித்ததும் பழைய சீஸ் வாசம் வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வெயிலில் கிடந்து வந்த பார்சலுக்கு இது அடிக்கடி நடக்கும்.

ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். இந்தச் சூட்டில் அவசரப்பட்டால் கண்ணாடி வெடிக்கும், பிள்ளைகள் நடமாடும் வீடு. மொத்தத்துக்கும் 100 கிராம் சர்க்கரை போதும். ஒரு வாரத்தில் வாயு ஏறிவிடும். அப்புறம் பாட்டில்கள் பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், வெளியே வைத்தால் ஹாப்ஸ் வாசம் சில வாரங்களிலேயே கரைந்துபோகும். குடிக்கும்போது மட்டும் சில்லென்று எடுத்து ஊற்றாதீர்கள். எஸெக்ஸ் பப்பில் அது 12 டிகிரியில்தான் உங்கள் கைக்கு வந்தது. பாட்டிலை கால் மணி நேரம் மேசைமேல் வைத்துவிட்டு, அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காமல் மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள், கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.