மதுரைப் பள்ளியில் பழைய தேசபக்திப் பாடல்களைச் சொல்லித்தர ஏஐ உதவுமா?

பழைய ஒலிப்பதிவைச் சுத்தம் செய்ய நன்றாகவே உதவும். நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்கள் வந்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான், இரைச்சலும் அதிகம். ஏஐ கொண்டு குரலையும் ஆர்மோனியத்தையும் தனியே பிரித்தால் பிள்ளைகளுக்குச் சொற்கள் பிடிபடும். சுருதித் திருத்தத்தை மட்டும் தொடாதீர்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பிழையென்று எடுத்துக்கொண்டு நேராக்கிவிடும். நாடக மேடைப் பாட்டின் உயிரே அந்த அசைவில்தான் இருக்கிறது. பாடல் வரிகளையும் அதனிடம் கேட்க வேண்டாம், இல்லாத அடியை இட்டுக்கட்டும்.

திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ், ஆங்கிலேயர் ஆட்சியில் முருகன் வேடத்திலேயே தேசபக்திப் பாட்டுப் பாடிச் சிறை சென்றவர். அவர் குரலைப் போலியாக உருவாக்கி வகுப்பில் ஒலிக்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. மாணவர்களே பாடட்டும், தாளத்துக்கு வேண்டுமானால் செயலி இருக்கட்டும்.