"வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறையில் ஒருநாள் முழுக்கத் தங்கள் வீட்டில் விளையாட வரட்டும் என்று அவன் தோழனின் அம்மா அழைத்திருக்கிறார். நல்ல மனுஷி. 'பையன் சைவம், முட்டைகூடச் சாப்பிடமாட்டான்' என்று மெசேஜ் அனுப்பினேன். அதற்கென்ன, சீஸ் பீட்சா செய்து தருகிறேன் என்றார். என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கப் பெண்ணோ, "அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பு" என்கிறார். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அன்பாகக் கூப்பிடுகிறவர்களிடம் இதையா கேட்பது? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எதையும் தொடாதே என்று சொல்லி அனுப்பினால் போதும். நம் பையன் சொன்ன பேச்சைக் கேட்பவன்" என்கிறார். யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்களோடு வேலை பார்ப்பவர் சொல்வதுதான் சரி. கேளுங்கள். பையன் அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே கேளுங்கள். முட்டை கலந்த கேக்கைத் தெரியாமல் சாப்பிட்டால் உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதைக் கேட்க உங்களுக்குத் தயக்கம் வரவில்லை. உயிர் போகிற விஷயத்தைக் கேட்க மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

காரணம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ், ராணுவம், வங்கி வாசலில் நிற்கும் காவலாளி. மற்றபடி யாராவது ஊர்ப் பெரிய மனிதர் உரிமம் வாங்கி வைத்திருப்பார். தேர்தல் வந்தால் அதையும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டால், "நீ ரவுடியா?" என்று கேட்டது மாதிரிதான். அந்தக் கூச்சத்தை நீங்கள் விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் இப்போது இருப்பது டெக்சஸில். 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகிக்கொண்டு நடக்கலாம் என்று 2021 செப்டம்பரிலிருந்து சட்டம் இருக்கிற மாநிலம் அது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டாலும், பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் வேறு யாரிடமாவது இருப்பதையும் சேர்த்தால் பத்துக்கு நான்கு பேர். அங்கே துப்பாக்கி வைத்திருப்பதில் மறைக்கவோ வெட்கப்படவோ ஒன்றுமில்லை என்பதுதான் பலரின் எண்ணம். நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா, நாய் கடிக்குமா என்று கேட்பதைப்போல இதையும் கேட்கலாம். ஒழுங்காகப் பூட்டி வைத்திருப்பவர் உங்களுக்கு ஒழுங்காகப் பதிலும் சொல்வார்.

இனி உங்கள் கணவருக்கு. 'சொன்ன பேச்சைக் கேட்பவன்' என்று எல்லா அப்பாக்களும்தான் நம்புகிறார்கள். அட்லான்டாவில் குழந்தைநல மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். 8 முதல் 12 வயது வரையான 64 பையன்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, ஓர் அறையில் 15 நிமிடம் விட்டார்கள். அந்த அறையின் டிராயர் ஒன்றில் தண்ணீர்த் துப்பாக்கிகள், இன்னொன்றில் நிஜக் கைத்துப்பாக்கி. தோட்டா கிடையாது. விசையைச் சுடுகிற அளவுக்கு அழுத்தினால் பக்கத்து அறைக்குத் தெரிகிற மாதிரி உள்ளே ஒரு சிறிய கருவி மட்டும் பொருத்தியிருந்தார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். 48 பேர் அந்தத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது நிஜமா பொம்மையா என்பதே தெரியவில்லை.

இதிலே உங்கள் கணவர் படிக்க வேண்டிய வரிகள் இரண்டு. கையில் எடுத்தவர்களிலும் விசையை அழுத்தியவர்களிலும் 90 சதவீதத்துக்கு மேல், துப்பாக்கியைப் பற்றி முன்பே ஏதோ ஒரு பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். அப்புறம், 'என் பையனுக்குத் துப்பாக்கியில் அவ்வளவாக ஆர்வம் கிடையாது' என்று பெற்றோர் சொன்ன பையன்களும் மற்றவர்களைப் போலவே எடுத்தார்கள், அழுத்தினார்கள். இவர்கள் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. எட்டு வயதில் டிராயரைத் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கமே 1988 முதல் 'எடி ஈகிள்' என்ற பாடத்தைக் குழந்தைகளுக்கு நடத்துகிறது. நில், தொடாதே, ஓடு, பெரியவரிடம் சொல். நல்ல பாடம்தான். நான்கைந்து வயதுக் குழந்தைகளை வைத்து அதைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், குழந்தைகள் நான்கு வரியையும் அழகாக ஒப்பித்தார்கள். ஆனால் துப்பாக்கி கண்ணெதிரே கிடந்தபோது ஒப்பித்தபடி நடக்கவில்லை.

அந்த அம்மா நல்ல மனுஷி என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். நல்ல மனிதர்களும் கட்டிலுக்குப் பக்கத்து மேசை டிராயரில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள், திருடன் வந்தால் சட்டென்று கைக்கு வரவேண்டும் என்று. 2003 முதல் 2021 வரை 18 வயது நிரம்பாதவர்கள் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்த 1,262 சம்பவங்களை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்த துப்பாக்கிகளில் முக்கால்வாசி பூட்டாமல் கிடந்தவை, முக்கால்வாசி தோட்டா நிரப்பியவை. பிள்ளைகள் அதை எடுத்த இடங்களில் முதலிடம் படுக்கையை ஒட்டிய இடத்துக்குத்தான், 30 சதவீதம். மூன்றில் இரண்டு மரணங்களில், சுட்டவர் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார், அல்லது இன்னொருவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். "எங்க அப்பாகிட்ட என்ன இருக்கு பாரு" என்று ஒரு பையன் தன் தோழனை உள்ளறைக்குக் கூட்டிப்போவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இப்படியும்தான் நடக்கிறது. கொலை, தற்கொலை, விபத்து எல்லாம் சேர்த்து, ஒன்று முதல் 19 வயது வரையான அமெரிக்கப் பிள்ளைகளின் மரணத்துக்கு 2020-இல் சாலை விபத்தையும் தாண்டித் துப்பாக்கி முதல் காரணமாகிவிட்டது.

சரி, எப்படிக் கேட்பது? இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. சாப்பாட்டைப் பற்றிப் பேசிய அதே மெசேஜ் இழையில், "எல்லா வீட்டிலும் நாங்கள் இதைக் கேட்பது வழக்கம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது, ஆனால் பால்கனி உண்டு, அதன் கதவைப் பூட்டியே வைப்போம்" என்கிற மாதிரி எழுதுங்கள். உங்கள் வீட்டைப் பற்றியும் சேர்த்துச் சொன்னால் விசாரணை போலத் தோன்றாது. முகம் பார்த்துக் கேட்பதைவிட மெசேஜில் கேட்பது இருவருக்குமே சுலபம்.

"இருக்கிறது, தோட்டாவை எடுத்துவிட்டு சேஃபில் பூட்டியிருக்கிறோம், தோட்டா தனியாக வேறு பூட்டில்" என்று பதில் வந்தால் நிம்மதியாக அனுப்புங்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொல்கிற முறை அதுதான். "மேல் அலமாரியில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று வந்தால் அனுப்பாதீர்கள். அலபாமாவில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது. அப்போது சண்டை வேண்டாம், உபதேசமும் வேண்டாம். "இந்த முறை உங்கள் பையன் எங்கள் வீட்டுக்கு வரட்டுமே" என்று கூப்பிடுங்கள். தோழமையும் கெடாது.

கோபப்படுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நாட்டில் இது அரசியலாகிவிட்டது. நோயாளியின் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பதற்கே ஃபுளோரிடா மாநிலம் 2011-இல் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தது. அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே யாராவது முகம் சுளிக்கலாம். சுளித்தால் சுளிக்கட்டும். பூட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கே கோபம் வருகிற வீட்டில் உங்கள் பிள்ளை ஒருநாள் முழுக்க இருக்க வேண்டாம். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு, உடனே சுடக்கூடிய நிலையில் துப்பாக்கி கிடைத்துவிட்டால், அதை அஜாக்கிரதையாக விட்டுவைத்தவர்மேல் குற்றம்தான். ஆனால் ஏதாவது நடந்த பிறகுதான் அந்தச் சட்டம் வேலை செய்யும். முன்கூட்டிப் போய்ப் பார்க்க ஆள் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 'நம்ம ஆட்கள் வீடுதானே' என்று தமிழ்க் குடும்பங்களை மட்டும் கேட்காமல் விடாதீர்கள். வேலை விசாவில் வந்தவர்களுக்குத்தான் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் பொதுவாகத் தடை, அதிலும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தபின் அந்தத் தடை இல்லை. 2020-இல் கொரோனா காலப் பயத்தில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்களில் ஆசியர்களும் இருந்தார்கள். பரம்பரையாக வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழக்கம்கூட இந்தப் புதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படி உங்கள் நண்பர் யாராவது வைத்திருந்தால், காவல் நிலையங்கள் பலவற்றில், துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டுகிற கேபிள் பூட்டை இலவசமாகவே தருகிறார்கள் என்று சொல்லுங்கள். துப்பாக்கித் தொழில் அமைப்பே நடத்தும் 'புராஜெக்ட் சைல்டுசேஃப்' திட்டம் அது.

பையன் வளர்ந்தபின்னும் கேட்பதை நிறுத்த வேண்டாம். பதின்வயதில் ஆபத்து வேறு மாதிரி. மனம் உடைந்த ஒரு நொடியில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் இல்லாததும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். இரவு தங்கப் போகும்போதும் இதே கேள்விதான்.

கடைசியாக, பையனிடம் என்ன சொல்வது? உங்கள் கணவர் சொல்கிறபடி கட்டாயம் சொல்லுங்கள். மேலே சொன்ன நான்கு வரியையே சொல்லிக்கொடுங்கள். துப்பாக்கி மாதிரி எதைப் பார்த்தாலும், பொம்மை என்று தோன்றினாலும், தொடாமல் அறையைவிட்டு வெளியே வந்து அந்த அம்மாவிடம் சொல்லி, உங்களுக்கு போன் போடச் சொல்ல வேண்டும். எத்தனை மணியானாலும் வந்து கூட்டிப்போவீர்கள், திட்டமாட்டீர்கள் என்பது அவனுக்குத் தெரியட்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்த மெசேஜ் போயிருக்க வேண்டும். அதை உங்கள் கணவர் அனுப்பினாலும் சரிதான்.